கேல் ரத்னா, அர்ஜுனா விருதுகள்: குழம்பும் இடங்களுக்குப் பதில்கள்

கேள்வி: சார், மாரியப்பன், சரத் கமல் இரண்டு பேருக்கும் கேல் ரத்னா கிடைத்தது. ஒருவருக்கு ராஜீவ் காந்தி பெயர், இன்னொருவருக்குத் தியான்சந்த் பெயர் என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை, இரண்டுமே சரி. நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்கு ராஜீவ் காந்தி பெயருக்குப் பதில் ஹாக்கி வீரர் தியான்சந்த் பெயர் என்று அறிவிக்கப்பட்டது 2021 ஆகஸ்ட் 6 அன்று. மாரியப்பன் தங்கவேலு பெற்றது 2020 விருது, அதனால் ராஜீவ் காந்தி கேல் ரத்னா. சரத் கமல் பெற்றது 2022 விருது. அந்த ஆண்டு கேல் ரத்னா அவர் ஒருவருக்குத்தான். உண்மையில் குழப்பம் வருவது வேறு இடத்தில். 2002 முதலே வாழ்நாள் சாதனைக்குத் 'தியான்சந்த் விருது' என்று தனியாக ஒன்று இருந்தது. ஆகவே 2021, 2022, 2023 மூன்று ஆண்டுகளிலும் தியான்சந்த் பெயரில் இரண்டு விருதுகள். வெறுமனே 'தியான்சந்த் விருது பெற்றார்' என்று குறிப்பெடுத்தால் எது என்று பிறகு தெரியாது. 'கேல் ரத்னா' என்ற சொல்லை விடாமல் எழுதுங்கள். 2024 விருதிலிருந்து அந்த வாழ்நாள் விருதுக்குப் பதிலாக வாழ்நாள் அர்ஜுனா விருது வந்துவிட்டது. அதை முதலில் பெற்றவர்கள் தடகளத்தின் சுச்சா சிங், பாரா நீச்சலின் முரளிகாந்த் பெட்கர்.

கேள்வி: சதுரங்க வீரர் குகேஷின் கேல் ரத்னாவுக்கு 2024 என்று எழுதுவதா, 2025 என்று எழுதுவதா?

பதில்: விருது ஆண்டு 2024. விழா நடந்தது 2025 ஜனவரி 17. தேர்வில் அதிகம் மதிப்பெண் போவது இதில்தான். தியான்சந்த் பிறந்த ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு நாள், விருதும் அன்றே என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 2020 வரை பெரும்பாலும் அது பொருந்தும் (2018-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக செப்டம்பருக்குத் தள்ளிப்போனது). பிறகு 2021 விருது நவம்பர் 13, 2022 விருது நவம்பர் 30. 2023 விருதோ 2024 ஜனவரி 9 அன்று. சதுரங்க வீராங்கனை வைஷாலி அர்ஜுனா வாங்கியது அந்த ஜனவரியில்தான், ஆனால் விருது ஆண்டு 2023. குறிப்பேட்டில் விருது ஆண்டு, விழா நாள் என இரண்டு பத்தி போட்டுக்கொண்டால் தப்பாது.

கேள்வி: 2021-இல் மட்டும் கேல் ரத்னா ஏன் 12 பேருக்கு?

பதில்: டோக்கியோதான் காரணம். 5+5+2 என்று பிரித்தால் மறக்காது. ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற நீரஜ் சோப்ரா, ரவி தஹியா, லவ்லினா, ஸ்ரீஜேஷ், மன்பிரீத் சிங். பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற ஐந்து பேரும்: அவனி லெகாரா, சுமித் அன்டில், பிரமோத் பகத், கிருஷ்ணா நாகர், மணீஷ் நர்வால். டோக்கியோவுக்குத் தொடர்பில்லாத இருவர் மிதாலி ராஜ், சுனில் சேத்ரி. கேல் ரத்னா பெற்ற முதல் கால்பந்து வீரர் சேத்ரி. யாருக்குமே தராத ஆண்டும் உண்டு: 2014.

கேள்வி: விருதுக்கு வீரரே விண்ணப்பிக்கலாமா?

பதில்: விண்ணப்பிக்கலாம், இணையவழியில். முந்தைய நான்கு ஆண்டு ஆட்டத்தைத்தான் குழு பார்க்கும், அதனால் பழைய பதக்கங்களை அடுக்கிப் பயனில்லை. ஊக்கமருந்துத் தடையில் இருப்பவருக்குக் கிடைக்காது. விண்ணப்பத்தில் கவனம் வேண்டும். 2024 விருதுக்கு முதலில் துப்பாக்கிச் சுடுதல் வீராங்கனை மனு பாக்கர் பெயர் இல்லை என்று செய்தி வந்தபோது, விண்ணப்பித்ததில் தன் பக்கம் தவறு நேர்ந்திருக்கலாம் என்று அவரே சொன்னார். இறுதிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது.

கேள்வி: பரிசுத்தொகை?

பதில்: கேல் ரத்னா 25 லட்சம், அர்ஜுனா 15 லட்சம். 2020-இல் உயர்த்தியது. ஏழரை லட்சம், ஐந்து லட்சம் என்றிருந்தால் அது பழைய புத்தகம்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து முதலில் யார், ஐயா?

பதில்: கேல் ரத்னாவில் நாட்டுக்கே முதல்வர் நம் விஸ்வநாதன் ஆனந்த், 1991-92. அர்ஜுனா தொடங்கிய 1961-லேயே சதுரங்கத்துக்கு மானுவல் ஆரோன், டென்னிசுக்கு ராமநாதன் கிருஷ்ணன் என நம்மவர் உண்டு. ஆனந்தை எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள், இந்த இருவரை விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாத பெயர்கள். ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை தமிழ்க் குடும்பத்தவர்தான், ஆனால் பிறந்தது புணேயின் கட்கியில். மாநிலம் கேட்டால் அவரைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: கேல் ரத்னா, அர்ஜுனா, துரோணாச்சாரியா மூன்றும் வாங்கியவர் உண்டா?

பதில்: பேட்மிண்டனின் புல்லேலா கோபிசந்த். அர்ஜுனா 1999, கேல் ரத்னா 2000-01, பயிற்சியாளராகத் துரோணாச்சாரியா 2009.