கொம்பு சாய்ந்த எருதும் அரம் பட்ட கொம்பும்

கேள்வி: என்னிடம் ஏழு வயதுள்ள காங்கேயம் வண்டி எருது ஒன்று இருக்கிறது. இரண்டு மாதமாகத் தலையை உதறுகிறது, வலது கொம்பைக் கட்டுத்தறியில் தேய்க்கிறது. இப்போது அந்தக் கொம்பு சற்றுச் சாய்ந்து, வலது நாசியில் இரத்தம் கலந்த சீழ் வடிகிறது. கொம்படியில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார் தரகர். மருந்துக் கடையில் புழுவுக்கான ஸ்பிரே கொடுத்தார்கள். எந்த எண்ணெய் நல்லது? (தாராபுரம் வட்டார விவசாயி)

பதில்: எந்த எண்ணெயையும் ஊற்ற வேண்டாம். வளர்ந்த மாட்டின் கொம்பு வெளியே நகம் போன்ற உறையும் உள்ளே எலும்புமாக இருக்கும். அந்த எலும்பின் நடுவே உள்ள வெற்றிடம் நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றுக் குழிவோடும், அதன் வழியாக நாசியோடும் தொடர்புடையது. கொம்பில் நேர்ந்த கேடு நாசியில் வடிவது அதனால்தான். கொம்படியில் ஊற்றும் எண்ணெய் நோய் இருக்கும் இடத்தைத் தொடாது; வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிச் சீழைக் கூட்டும்.

நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் கொம்புப் புற்றுநோயை வலுவாகச் சுட்டுகின்றன. அடிபட்டுக் கொம்பு முறிந்தாலும் மூக்கில் இரத்தம் வரும் என்பதால், மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். 1962 என்ற எண்ணை அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழையுங்கள். அறுவை தேவை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லலாம். நரம்பை மரக்கச் செய்து கொம்பை அடியோடு அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. அதனுடன் வின்கிரிஸ்டைன் என்ற மருந்தை இரத்தக் குழாயில் ஊசியாகச் செலுத்துவதும் உண்டு. நம் தென்மாவட்டங்களில் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மருந்து அது. அதற்காக அந்த இலையை அரைத்துப் புகட்டிவிடாதீர்கள், அது நஞ்சு. கொம்பு தானாகக் கழன்று, அந்த இடத்தில் பூக்கோசு போலச் சதை வளரும் வரை காத்திருந்தால் மருத்துவரால் செய்யக்கூடியது மிகவும் குறைந்துவிடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்த நோய் ஏன் வண்டி எருதுகளுக்கே அதிகம் வருகிறது என்பது. காரணம் ஒன்றுதான் என்று அறுதியிட முடியாது. ஆனால் நுகமும் கயிறும் ஓயாமல் உரசுவது, கடும் வெயில், கொம்பைச் சீவுவது, வண்ணம் பூசுவது ஆகியவை நெடுங்காலமாக ஐயத்துக்கு உரியவை. நுகத்தையும் வெயிலையும் முற்றிலும் தவிர்க்க இயலாது. சீவுவதை இன்றைக்கே நிறுத்தலாம், அதனால் யாருக்கும் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை.

கொம்பு சீவுவதை அருகில் நின்று பாருங்கள். கண்ணாடித் துண்டோ அரமோ கொண்டு இழுக்கும்போது முதலில் உலர்ந்த சாம்பல் நிறச் சுருள்கள் உதிரும். பிறகு ஈரப்பசையும் இளஞ்சிவப்பும் தெரியும். எருது கண்ணை உருட்டித் தலையை இழுக்கும். அந்த இடம் உயிருள்ள இடம். அதன்மேல் விளக்கெண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கி, மாட்டுப் பொங்கலன்று கதவுக்கு அடிக்கும் எனாமல் வண்ணத்தைப் பூசி, அது உரிந்ததும் அடுத்த ஆண்டு மீண்டும் சுரண்டுகிறோம்.

சந்தைத் தரகர்கள் இதை அழகுக்காக மட்டும் செய்வதில்லை. கொம்பின் அடியில் ஆண்டுகளோடு கூடி வரும் வளையங்கள் வயதைக் காட்டிக் கொடுக்கும் என்பதால் அவற்றை மழித்துவிடுகிறார்கள். சீவிய கொம்போடு வரும் மாட்டை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். வாங்குபவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும். எருதை விற்றுக் கமிஷன் பெற்றவரிடமே அதன் நோய்க்கு மருந்து கேட்பதை விவசாயிகள் கைவிட வேண்டும். நோய் இன்னதென்று தெரியாமல் ஸ்பிரே விற்ற கடைக்காரரும் உங்களுக்கு நன்மை செய்யவில்லை. புழு வைத்த புண்ணுக்குத்தான் அது உதவும்.

பொங்கலுக்குக் கொம்பைக் கழுவி மஞ்சளும் குங்குமமும் வைத்தால் போதும். கொம்பு நுனியில் உலோகக் குப்பி மாட்டுவதாக இருந்தால், அது ஏறுவதற்காகக் கொம்பைச் சீவாமல், கொம்புக்கேற்ற அளவில் வாங்குங்கள்.

ஜோடி எருதையும் இன்றே சோதியுங்கள். இரு கொம்புகளின் அடியிலும் கை வைத்து, ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல கொம்பில் வெற்றொலி கேட்கும். உள்ளே சதை அடைத்திருந்தால் ஒலி மழுங்கியிருக்கும். அப்படி இருந்தாலோ, தட்டும்போது தலையை வெடுக்கென்று இழுத்தாலோ, வரும் மருத்துவரிடம் அதையும் காட்டுங்கள். அதுவரை இரண்டையும் நுகத்தில் பூட்ட வேண்டாம்.