பாக்கெட்டில் அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகன், கடையில் 'வாசனைத் தூபம்' என்று விற்ற பாக்கெட்டை வாங்கிப் புகைத்துவிட்டு நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். 'மனிதர் உட்கொள்ள அல்ல' என்று அதில் அச்சடித்திருக்கிறதாம். அப்படியானால் நஷ்டஈடு கேட்கவே முடியாதா? – பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: கேட்கலாம். அந்த வரி வாங்குகிறவருக்காக எழுதியதே இல்லை, நீதிபதிக்காக எழுதியது. ஸ்பைஸ், கே2 என்றெல்லாம் விற்கும் இந்தச் சரக்கு ஏதோ காய்ந்த தழைதான். அதன்மேல் கஞ்சா போலப் போதை தரும் செயற்கை ரசாயனத்தைக் கரைத்துத் தெளித்துவிடுவார்கள், தெளிப்பு ஒரே சீராக விழாததால் ஒரே பாக்கெட்டில் ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது, அடுத்த சிட்டிகை ஆளைச் சாய்த்துவிடும். 2018-இல் இலினாய் மாநிலத்தில் எலி மருந்தில் போடும் புரோடிஃபகூம் இதில் கலந்திருந்து, 150 பேருக்கு மேல் ரத்தம் உறையாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சிலர் பிழைக்கவில்லை.

ஒரு ரசாயனத்தைத் தடை செய்தால் மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி அடுத்ததைக் கொண்டுவருவார்கள். இந்த எலி-பூனை ஆட்டத்தில் நியூயார்க் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 2012-இல் அந்த மாநிலத் தலைமை வழக்கறிஞர் எரிக் ஷ்னைடர்மேன் பல கடைகள் மேல் சிவில் வழக்குப் போட்டார். உள்ளே இருப்பது தடை செய்த பொருளா என்ற விவாதத்தை அவர் நம்பி இருக்கவில்லை. லேபிளில் என்ன சரக்கு, யார் தயாரிப்பு என்று ஒழுங்காகப் போடவில்லை என்பதையே பிடித்துக்கொண்டார். தப்பிக்க ஒட்டிய லேபிளே மாட்டிவிட்டது.

அது அரசு போட்ட வழக்கு. உங்கள் அக்காவுக்கு வேறு வழி உண்டு. இலினாய், கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் போதைப்பொருள் விற்பவரிடம் நஷ்டஈடு கேட்கத் தனிச் சட்டமே இருக்கிறது. பெற்றோர் வழக்குப் போடலாம். அந்தப் பாக்கெட்டை இவர்தான் விற்றார் என்று காட்டக்கூட வேண்டாம், அதே பகுதியில், அதே காலத்தில், அதே வகைச் சரக்கை விற்றவர் என்றால் போதும். ஆனால் அந்த ரசாயனம் அங்கே தடைப்பட்டியலில் இருந்திருக்க வேண்டும்.

பையனே வழக்குப் போடுவதென்றால் கெடுபிடி அதிகம். இந்தச் சட்டங்களுக்கு முன்மாதிரியாக எழுதிய வரைவின்படி, வழக்குப் போடுவதற்கு முந்தைய 30 நாள் அவன் போதைப்பொருளைத் தொட்டிருக்கக் கூடாது, யாரிடம் வாங்கினான் என்று தெரிந்ததையெல்லாம் போலீஸிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும் என்பதால், அங்கேயே ஒரு வக்கீலைப் பாருங்கள். மிச்சம் மீதி இருந்தால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம், பில் இருந்தால் அதையும்தான்.