நெருங்கிய உறவு ஒருவரை உண்மையில் எவ்வளவு மாற்றும்?

நட்போ காதலோ ஒருவருடைய குணத்தையே மாற்றுமா, அல்லது இலக்கியம் மிகைப்படுத்துகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் சங்கப் புலவர் கபிலர்.

குறிஞ்சித் திணையை அவ்வளவு அழகாகப் பாடியவர். பறம்பு மலைத் தலைவன் பாரி அவருடைய நண்பன். மூவேந்தர் பகையால் பாரி இறந்த பிறகு கபிலர் வேறு ஆளாகிவிடுகிறார். பாரியின் மகள்களை அழைத்துக்கொண்டு சிற்றரசர்களிடம் போய், இவர்களை மணந்துகொள் என்று கேட்கிறார். புறநானூறு 201-ஆம் பாட்டில் இருங்கோவேள் என்ற சிற்றரசனிடம் தன்னை அறிமுகப்படுத்தும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்: "யானே தந்தை தோழன், இவர் என் மகளிர்". புலவன் என்பதை அதற்கு அப்புறம்தான் சொல்கிறார்! நண்பனின் மகள்கள் தன் மகள்களாகிவிட்டார்கள், அவ்வளவு இயல்பாக. இருங்கோவேள் மறுத்ததும் அடுத்த பாட்டில் கோபம் வெடிக்கிறது. புலவரை இகழ்ந்ததால் உன் முன்னோர் ஊர் அழிந்தது என்கிறார். தனக்காகக் கேட்டிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா?

சரி, அந்த மகள்களுக்கான கடமை முடிந்ததும் என்ன செய்கிறார்? 236-ஆம் பாட்டில், உன்னோடு சாக என்னை விடவில்லையே என்று பாரியிடமே வருந்துகிறார். மறுபிறவியிலும் உன்னைப் பிரியாமல் வாழ ஊழ் அருளட்டும் என்று வேண்டுகிறார்.