பங்குனியில் போய்ப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

எருத்தேம்பதிக்கு அருகே எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அப்பா காலமான பிறகு மூன்று ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலை கோவையில்; சனி, ஞாயிறு மட்டும் ஊர். ரசாயன உரத்தை நிறுத்தி மண்ணை மீட்க வேண்டும் என்று கடந்த ஓராண்டில் பதினொரு சிறு தோட்டங்களைப் போய்ப் பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கம் நான்கு, அட்டப்பாடியில் மூன்று, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் கேரள அரசின் குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பைச் சேர்ந்த பெண்கள் சேர்ந்து நடத்தும் காய்கறித் தோட்டங்கள் இரண்டு, ஆந்திராவில் குப்பத்துக்கு அருகே இரண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் ஒருவர் உழவே கூடாது என்கிறார். இன்னொருவர் பலதானியம் விதைத்து மடக்கி உழச் சொல்கிறார். ஒருவர் பஞ்சகவ்யக் கரைசல் என்கிறார், மற்றவர் ஜீவாமிர்தக் கரைசல் என்கிறார், மூன்றாமவர் தழை பரப்பி மண்ணை மூடும் மூடாக்கு மட்டும் போதும் என்கிறார். உரத்தை அடியோடு நிறுத்தி, ஆறு மாதம் ஜீவாமிர்தம் விட்டேன். காய்ப்பு குறைந்ததுதான் மிச்சம். போர்வெல்லில் தண்ணீரும் இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்ப்பதில் பயன் உண்டா? எதைப் பார்ப்பது, என்ன கேட்பது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

பயன் உண்டு. ஆனால் பன்னிரண்டாவது தோட்டத்துக்குப் போகாதீர்கள். பார்த்த பதினொன்றில் உங்கள் மண்ணையும் மழையையும் ஒத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே இடத்துக்கு ஓராண்டில் நான்கு முறை போங்கள். அவற்றில் ஒன்று கண்டிப்பாகப் பங்குனியில் இருக்கட்டும்.

உங்கள் காய்ப்புக் கவலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தென்னையில் ஒரு பாளை கருக்கொள்வது, அது வெடித்து வெளியே தெரிவதற்கு ஏறத்தாழ 32 மாதங்களுக்கு முன்பு. வெடித்த பாளையின் காய் முற்ற இன்னும் ஓராண்டு ஆகும். ஆக, இன்று நீங்கள் பறிக்கும் காய் கிட்டத்தட்ட 44 மாதங்களுக்கு முன் மரத்துக்குள் தொடங்கியது. அப்போது உங்கள் அப்பா இருந்தார். அவர் விட்ட தண்ணீருக்கும் வைத்த உரத்துக்கும் மரம் சொல்லும் பதில் இன்றும் உங்கள் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆறு மாத ஜீவாமிர்தத்தை இன்றைய காய்ப்பை வைத்துப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது. இடையில் காய் குறைய வேறு வழிகளும் உண்டு. வறட்சியில் குரும்பை உதிரும். உரத்தை ஒரே நாளில் நிறுத்தினாலும் மரம் தளரும். தென்னையை வைத்து ஒரு முறையைச் சோதிக்க விரும்புகிறவர் நான்கு ஆண்டுக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பார்த்த பதினொரு பேரில் ஒருவராவது இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நானும் உங்களைப் போலத்தான் தொடங்கினேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆனைகட்டியில் இந்த நிலத்தை வாங்கிய புதிதில் ஒரு நல்ல தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே என்னிடம் காட்டப்பட்டது ஒரு ஜீவாமிர்தப் பீப்பாய். பத்துக் கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டிரண்டு கிலோ வெல்லமும் பயறு மாவும், ஒரு கைப்பிடி மண், இருநூறு லிட்டர் தண்ணீர். அப்படியே எழுதிக்கொண்டு வந்து கலக்கி, சித்திரை வெயிலில் ஓடு போல இறுகிக் கிடந்த முக்கால் ஏக்கர் செம்மண்ணில் ஊற்றினேன். பாதி சரிவில் ஓடி வேலியோரம் தேங்கியது. மீதி காய்ந்து கறையாக நின்றது. இரண்டு பருவம் இப்படியே போயிற்று. மூன்றாவது முறை அதே தோட்டத்துக்குப் போனபோதுதான் என் காலடியைக் கவனித்தேன். கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகும் தழையும் கிடந்தன. அதை விலக்கினால் கீழே ஈரம், மண்புழு எச்சம், வெள்ளை இழைகளாகப் பூஞ்சை. பல ஆண்டுகளாகச் சேர்த்த மூடாக்கு அது. ஜீவாமிர்தத்தில் இருப்பது முக்கியமாக நுண்ணுயிர். பயிருக்கான உணவு அதில் மிகச் சொற்பம். அந்த உயிர்களுக்குத் தின்னத் தழையும் ஒதுங்க நிழலும் இல்லாத மண்ணில் அவற்றை ஊற்றி என்ன பயன்? அந்த விவசாயி எதையும் மறைக்கவில்லை. தினமும் மிதித்து நடக்கிற தரையை ஒரு விஷயமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் பங்குனி என்கிறேன். ஐப்பசியில் எல்லாத் தோட்டமும் அழகு. மார்கழி, தை முழுக்கப் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்குக் காற்று அடித்து உங்கள் பக்கத்து நிலத்தின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். அதற்குப் பிறகும் மூடாக்குக்குக் கீழே விரலை விட்டால் குளிர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். கூட ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்துப் போங்கள். தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, இலந்தைப்பழ அளவுக்கு ஒரு காய்ந்த மண்கட்டியை எடுத்துத் தண்ணீருக்குள் மெதுவாக விடுங்கள். உயிரில்லாத மண் சில நிமிடங்களில் கரைந்து சேறாகும். மட்கும் வேரிழையும் பிடித்துவைத்த கட்டி அப்படியே நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு கட்டியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்று போலக் கரைந்தால் அந்தத் தோட்டத்தில் இன்னும் மண் மாறவில்லை என்று பொருள், பெயர்ப் பலகை என்ன சொன்னாலும்.

இன்னொன்று, இருபுறமும் திறந்த ஒரு டின். அதை நான்கு விரற்கடை மண்ணில் அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். உங்கள் போர்வெல் கவலைக்கு இதில் பதில் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சுமார் எட்டாயிரம் லிட்டர். ஐம்பது மில்லிமீட்டர் கொட்டும் ஓர் இரவில் நான்கு லட்சம் லிட்டர் உங்கள் தோப்பில் விழுகிறது. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு மணக்கடவு அணைக்கட்டில் சித்தூருக்குத் தர வேண்டிய 7.25 டிஎம்சி வந்ததா இல்லையா என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். அந்த நான்கு லட்சம் லிட்டரில் எவ்வளவு உங்கள் மண்ணுக்குள் இறங்கியது என்பதையும் யாராவது பார்க்க வேண்டும்.

உழலாமா கூடாதா என்ற சண்டைக்கு வருகிறேன். இரண்டு பேரும் அவரவர் நிலத்தைப் பற்றி உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். அட்டப்பாடியின் மேற்கே முக்காலி என்ற ஊர்ப் பக்கம் ஆண்டு மழை மூவாயிரம் மில்லிமீட்டரை எட்டும். பஸ் ஏறிக் கிழக்கே ஆனைகட்டி வந்து சேர்வதற்குள் அது ஆயிரத்துக்கும் கீழே போய்விடுகிறது. ஒரே அட்டப்பாடிக்குள் இப்படி. முக்காலிக்காரரின் மூடாக்கு ஒரு மழைக்காலத்தில் மட்கிவிடும். எனக்கு அதே தழை அப்படியே காய்ந்து கிடக்கிறது, கறையான் ஏறுகிறது, புதிதாக நட்ட கன்றையும் தின்கிறது. அதனால் அவர் சொல்லும் அளவை நான் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அட்டப்பாடியில் மூன்று தோட்டம் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு பழங்குடி ஊரில், அனுமதி கேட்டு, விதைப்புக் காலத்தில் போங்கள். அங்கே ஊருக்குத் தலைவராக மூப்பன் இருப்பது போல மண்ணுக்காரன் என்றும் ஒருவர் உண்டு. விதைப்பைத் தொடங்கி வைப்பதும் மண் சார்ந்த காரியங்களும் அவர் பொறுப்பு. மண்ணுக்கென்று ஒரு பதவியையே வைத்திருந்த சமூகங்கள் அவை. ராகி, சாமை, துவரை, அவரை, கீரை எல்லாம் ஒரே நிலத்தில் கலந்து விதைப்பார்கள். ஒரு பயிர் இரண்டே மாதத்தில் கைக்கு வரும், இன்னொன்று தை வரை நிற்கும். மழை எந்த மாதத்தில் ஏமாற்றினாலும் ஏதோ ஒன்று மிஞ்சும், நிலமும் வெறுமையாகக் கிடக்காது. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்த விதைகளோடு விதைக்கும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடும்பஸ்ரீ தோட்டங்களில் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. கரைசல் விகிதத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்திருந்தால் பெரிய இழப்பு. 1998-இல் தொடங்கிய அந்த அமைப்பில் நான்கு முதல் பத்துப் பெண்கள் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து, தரிசாகக் கிடக்கும் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துப் பயிர் வைக்கிறார்கள். கேரளத்தின் நிலச்சீர்திருத்தச் சட்டம் புதிய குத்தகையை அனுமதிப்பதில்லை. அதனால் இது பெரும்பாலும் வாய்வார்த்தையில் நிற்கும் ஏற்பாடு. மூன்று ஆண்டு எருவும் தழையும் போட்டு மண்ணைத் தேற்றிய பிறகு, சொந்தக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்டால் அந்தப் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். தேறிய மண் அவருக்குப் போய்விடும். மண்ணை மீட்பது பற்றிய பேச்சில் இந்தக் கேள்வி ஏன் வருவதே இல்லை என்று எனக்குக் கோபம் உண்டு. அவர்களிடம் போய், எத்தனை ஆண்டுக்கு நிலம் உறுதி, அதற்கேற்ப எதைச் செய்கிறீர்கள், எதைச் செய்யாமல் விடுகிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டு ஏக்கர் சொந்தமாக உள்ள உங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி வாய்த்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.

குப்பத்தில் நீங்கள் பார்த்தது 2016-இல் ஆந்திர அரசு தொடங்கிய இயற்கை வேளாண்மைத் திட்டத்தின் தோட்டங்களாக இருக்கலாம். 2024-இல் போர்ச்சுகல் அறக்கட்டளை ஒன்று தரும் குல்பென்கியன் பரிசைப் பகிர்ந்துகொண்ட திட்டம் அது. அதில் இரண்டு விஷயங்களை நான் மதிக்கிறேன். மழைக்கு முன்பே, கோடையிலேயே, மண்ணும் சாணமும் பூசிய பலவகை விதைகளைப் புழுதியில் விதைத்து நிலத்தைப் பச்சையாக்கிவிடுகிறார்கள். கற்றுத்தருவதும் அதே பகுதியில் அதைச் செய்து பார்த்த விவசாயிகள். அந்தப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் பெண்கள் ஒருவர் வரப்பில் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்கு அந்த அளவு புரிந்ததில்லை.

எங்கே போனாலும் மிக மோசமான ஆண்டு எது, அந்த ஆண்டு வீட்டுச் செலவு எப்படி ஓடியது என்று கேளுங்கள். பயிரில் வரும் வருமானம் எவ்வளவு, பார்வையாளர்களுக்கு நடத்தும் பயிற்சியில் வருவது எவ்வளவு என்றும் தயங்காமல் கேளுங்கள். பயிற்சியில் சம்பாதிப்பது தவறே இல்லை. ஆனால் அந்தப் பணம் இல்லாமல் நிற்காத தோட்டத்தின் கணக்கு உங்கள் தோப்புக்குப் பொருந்தாது. தென்னைக்காரர்களிடம் எருக்குழியைக் கிளறிக் காட்டச் சொல்லுங்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அங்கேதான். குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குகிறவர் எதையும் உள்ளபடி சொல்வார். ஒரு நாள் முழுக்க அவர்களோடு வேலை செய்துவிட்டு, சாயங்காலம் கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

இனி உங்கள் தோப்பு. ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் நூற்று நாற்பது. மரத்துக்கு மாதம் ஒரு மட்டை விழும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,680 மட்டைகள். அவை இப்போது எங்கே போகின்றன? உரிமட்டை நார் ஆலைக்குப் போகிறதா? அடுத்த கோடையிலிருந்து ஒரு மட்டையும் தோப்பை விட்டு வெளியே போக வேண்டாம். முதலில் இருபது மரங்களுக்கு மட்டும் செய்யுங்கள். வட்டப்பாத்தியைச் சுற்றிக் குழி எடுத்து, உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடுங்கள். மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் ஓலையை வெட்டிப் பரப்புங்கள். தென்னையோலை மெதுவாகத்தான் மட்கும். மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையும் கொஞ்ச காலம் பிடித்துவைக்கும். அதனால் கூடவே தழைச்சத்தைத் தரும் ஒரு பயறினச் செடி வேண்டும். மற்ற நூற்றிருபது மரங்களுக்கு, ஒரேயடியாக நிறுத்திய உரத்தை மீண்டும் வைத்து, ஆண்டுக்குக் கால் பங்கு வீதம் குறைத்து வாருங்கள். இருபது மரத்துக்கும் தனியாகக் காய்க் கணக்கு எழுதுங்கள், நான்கு ஆண்டுக்கு.

பயறினம் என்றால் எனக்குக் கொழிஞ்சி. கொழிஞ்சாம்பாறை என்று பஸ் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் செடிதான் நினைவுக்கு வரும். வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு அதிகம் கடிக்காது. விதையின் தோல் கடினம். மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, வெந்நீரில் போட்டெடுத்தோ விதைக்காவிட்டால் முளைக்காமல் கிடக்கும். என்னிடம் இரண்டு படி விதை இருக்கிறது. வைகாசிக்குள் ஆனைகட்டிப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போங்கள். வரும்போது உங்கள் தோப்பிலிருந்தும், உங்கள் பக்கத்துத் தோப்புக்காரரின் நிலத்திலிருந்தும் ஒவ்வொரு மண்கட்டி எடுத்து வாருங்கள். டம்ளர் என்னிடம் இருக்கிறது.