செங்காந்தள் கிழங்கு முளைக்காதது குறித்து

வணக்கம். மாசியில் செங்காந்தள் கிழங்கை மூன்று துண்டாக நறுக்கித் தொட்டியில் நட்டு, நாள்தோறும் நீர் ஊற்றியும் 40 நாளாக முளை காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கலப்பை போல வளைந்த அக்கிழங்கின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு என்பதால், நடுத்துண்டு முளைக்கப்போவதில்லை. நுனித்துண்டுகளோ, கிழங்கு வளராமல் ஓய்ந்திருக்கும் உறக்கக் காலத்து ஈரத்தில் அழுகியிருக்கக்கூடும். மண்ணைக் கிளறி, அழுத்தினால் கெட்டியாக இருப்பவற்றை மட்டும் எடுத்து உலர்ந்த மணலில் வைத்திருந்து, ஆனி, ஆடி மழை தொடங்கியதும் நுனி ஒடியாமல், மூன்று விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ள கிழங்கு இது. சமையலறையில் கருணைக்கிழங்கின் அருகே வைத்துவிடாதீர்கள்.