ஆலை மூடிக் கிடக்கிறது, கசடை யார் அள்ளுவது?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊரை ஒட்டி இருந்த தோல் ஆலையை மூடிவிட்டார்கள். கசடு மூட்டைகள் மழையில் நனைந்து கிழிந்து கிடக்கின்றன. நாலு வீட்டுப் போர் தண்ணீர் மஞ்சளாகி உப்புக் கரிக்கிறது. குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தால், "ஆலையே இல்லீங்க, யார் மேல நடவடிக்கை எடுக்கறது" என்கிறார்கள். வங்கி இடத்தை ஏலம் விடப்போகிறதாம். வாங்குகிறவர் மண்ணைப் போட்டு மூடி சைட் பிரித்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: ஆலையை மூடினாலும் பொறுப்பு தீராது. ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் மூடிய ரசாயன ஆலைகள் விட்டுப்போன கசடு கிணறுகளைக் கெடுத்த வழக்கில், சீரமைப்புச் செலவு ஆலைக்காரர்கள் தலையில்தான் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2016 அபாயகரக் கழிவு விதிகள்படி கசடை 90 நாளுக்கு மேல் ஆலைக்குள் வைத்திருப்பதே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீட்டித்துத் தந்தாலொழிய, தவறு.

முதலில் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நம் பக்கம் பாறைக்குள் ஊறும் தண்ணீர் பல இடங்களில் இயல்பிலேயே உப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். மஞ்சள் நிறம் இரும்பாலும் வரும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம்தான் ஆலையைக் காட்டிக்கொடுக்கும். குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஒரு பாட்டிலில் ஆய்வகம் தரும் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும், அது மொத்த குரோமியத்துக்கு. இன்னொன்றில் அமிலம் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் ஒப்படைத்தால்தான் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) சரியாகத் தெரியும். ஆலைக்கு மேட்டுப் பக்கமுள்ள கிணற்றிலும் ஒரு மாதிரி கட்டாயம் எடுங்கள். ஒப்பிட அது இல்லையென்றால் அறிக்கைக்குப் பாதி மதிப்புதான்.

அடுத்து ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. மனுக் கட்டணம் பத்து ரூபாய்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் ஆலையின் இயக்க இசைவாணை, மூடல் உத்தரவு, ஆண்டுதோறும் தந்த படிவம் 4, கழிவு வெளியே போனதற்கான படிவம் 10 ஆகியவற்றின் நகல் கேளுங்கள். படிவம் 4 எவ்வளவு கசடு உண்டானது என்று சொல்லும், படிவம் 10 எவ்வளவு வெளியே போனது என்று சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே போனது என்று ஆலைக்காரர்தான் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இதோடு கலெக்டருக்கும் வாரியத்துக்கும் புது மனு ஒன்று: 2025 ஜூலையில் வந்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளைக் குறிப்பிட்டு, இந்த இடத்தை மாசடைந்ததாகச் சந்தேகிக்கப்படும் இடமாகப் பதியக் கேளுங்கள். தகவல் கிடைத்து 90 நாளில் முதற்கட்ட ஆய்வு, அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. மாசுபடுத்தியவர் கையில் காசில்லை என்றால் அரசே செலவு செய்து சீரமைக்கவும் அதில் வழியுண்டு. "ஆலையே இல்லை" என்ற பதிலுக்கு இனி இடமில்லை.

அசையவில்லையா, சென்னையிலுள்ள தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயம். முன்சீப் கோர்ட்டில் போட்டு வருடங்களை இழக்காதீர்கள், சிவில் கோர்ட் இதை விசாரிக்கப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். சுற்றுச்சூழல் தகராறைத் தீர்க்கக் கேட்கும் 14-ஆவது பிரிவில் மனு என்றால் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம், போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குள் போட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நிலச் சீரமைப்பும் இழப்பீடும் 15-ஆவது பிரிவில் வரும், அதற்கு ஐந்தாண்டு உண்டு. இழப்பீடு கேட்டால் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய் கட்டணம். ஆஸ்பத்திரி பில், செத்த மாடு, கருகிய பயிர் எல்லாவற்றுக்கும் ரசீதும் படமும் வையுங்கள்.

கோரிக்கையில் "உடனே அள்ளுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அவசரத்தில் அள்ளிய கசடு ராத்திரியோடு ராத்திரியாக வேறொரு ஊர் ஓடையில் கொட்டப்படும். கசடுப் பரிசோதனை, படிவம் 10, அனுமதி பெற்ற கிடங்கின் ரசீது, அடிமண் ஆய்வு, அதுவரை பஞ்சாயத்து மூலம் குடிநீர் என்று வரிசையாகக் கேளுங்கள். உரிமையாளர், வங்கி, வாரியம், கலெக்டர் என எல்லாரையும் எதிர்மனுதாரராக்குங்கள்.

ஏல அறிவிப்பு வருவதற்குள் ஆய்வக அறிக்கையை இணைத்து வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு ஒப்புகையுடன் கடிதம் அனுப்புங்கள். வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதை ஏல அறிவிப்பில் சொல்லும் பொறுப்பு அந்த அதிகாரியுடையது. கடித நகல் உங்களிடம் இருந்தால், தெரியாமல் வாங்கிவிட்டேன் என்ற பேச்சு பிற்பாடு எடுபடாது.