பழைய லேப்டாப்பும் அரை விநாடித் தாமதமும்: கட்டற்ற மென்பொருள் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 2016இல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. இனிமேல் அப்டேட் வராது என்கிறார்கள். விண்டோஸ் 11 ஏறாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். புதிது வாங்க இப்போது வசதியில்லை. லினக்ஸ் போட்டால் எனக்குப் புரியுமா, சார்?
ஓர் ஆசிரியை, மன்னார்குடி

பதில்: புதிது வாங்க வேண்டியதே இல்லை, அம்மா. கடைக்காரர் சொன்னது உண்மைதான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். 2016 லேப்டாப்பில் அந்தப் பிராசஸர் இருக்காது. விண்டோஸ் 10க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு, ஆனால் அது தற்காலிக ஏற்பாடுதான்.

லினக்ஸ் என்பது விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்குகிற கட்டற்ற மென்பொருள். அதாவது, அதன் மூலநிரலை (அதை எழுதிய நிரல் வரிகளை) யாரும் பார்க்கலாம், மாற்றலாம். அதில் பல வகை உண்டு. உங்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். குறைந்த ரேமில் ஓடும். கீழே மெனு, வலது மூலையில் கடிகாரம், வைஃபை என்று நீங்கள் பழகிய அதே அமைப்பு. பிரவுசர் அதே பயர்பாக்ஸ். வேர்டுக்குப் பதில் லிப்ரேஆஃபிஸ். பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிடுவார்கள்.

எப்படிப் போடுவது? மின்டின் தளத்திலிருந்து, முழு மின்டும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். 3 ஜிபிக்குப் பக்கமாக வரும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு மென்பொருளால் அந்தக் கோப்பை அதில் எழுதுங்கள். வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது, நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்பதும் நினைவிருக்கட்டும். அப்புறம் லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கம்பெனிகளில் அது எஃப்9 அல்லது எஸ்கேப். பூட் மெனு வந்ததும் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் திறந்துவிடும். ஹார்டுடிஸ்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. ஒரு நாள் முழுக்க இப்படியே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, முக்கியமாக உங்கள் பிரிண்டர் அச்சடிக்கிறதா? சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. எல்லாம் சரி என்றால் மட்டும் திரையில் இருக்கிற ‘இன்ஸ்டால்’ படத்தை அழுத்துங்கள்.

அதை அழுத்துவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. திண்டுக்கல்லில் நான் சர்வீஸ் கடை தொடங்கிய புதிதில் தையல்கடை வைத்திருந்த ஓர் அக்கா தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். “எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துவிட்டேன் தம்பி” என்றார். நான் அந்தப் பென்டிரைவைத் திறந்துகூடப் பார்க்காமல் டிஸ்கை அழித்து இன்ஸ்டால் செய்துவிட்டேன். அவர் எடுத்திருந்தது டெஸ்க்டாப்பில் இருந்தவை மட்டும். மகளின் சடங்குப் படங்கள் டி டிரைவில் இருந்தன. மீட்புக் கருவிகளை இரண்டு இரவு ஓட்டினேன், பாதிப் படம்கூடத் திரும்பவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து, இரண்டு தனித்தனி இடங்களில் பேக்கப் எடுத்து, இரண்டையும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்காமல் நான் எந்த டிஸ்கையும் தொடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் ஹார்டுடிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற டிஸ்கைப் போடுங்கள். ரேம் கூட்டுவதைவிட முதலில் அதைச் செய்யலாம்.

கேள்வி: அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். டாலி இல்லாமல் வேலை நடக்காது. நானும் லினக்ஸுக்கு வரலாமா?
ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: அந்த ஒரு கம்ப்யூட்டரை விண்டோஸிலேயே வைத்திருங்கள். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் ஓட்டச் சுற்றுவழிகள் உண்டு என்றாலும், வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நாளில் அது மக்கர் செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வீட்டுக் கம்ப்யூட்டரை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் இருபது வருடக் கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. லிப்ரேஆஃபிஸில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பித் தெரிகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா?
ஒரு வாசகர், வவுனியா

பதில்: கெடவில்லை, பயப்படாதீர்கள். பாமினியில் தட்டிய கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டியது. புதிய கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவை நிறுவினால் பழையபடி தெரியும். ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றும் ஒரு கருவியில் (மாற்றி) கட்டுரை கட்டுரையாகக் கொடுத்து மாற்றிவிடுங்கள். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழென்று நினைத்துச் சிதைக்கும், எனவே கண்ணால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். இனி புதிதாக எழுதுவதற்கு, மின்டின் மென்பொருள் மேலாளரில், தமிழில் தட்ட உதவும் ஐபஸ்-எம்17என் என்பதை நிறுவுங்கள். உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் அதன் பட்டியலில் தமிழ்99 விசைப்பலகை இருக்கும்.

கேள்வி: மூலநிரல் எல்லார் கண்ணிலும் பட்டால் திருடனுக்கும் வழி தெரிந்துவிடுமே? எங்கள் அலுவலகத்தில் இதைச் சொல்லித்தான் கட்டற்ற மென்பொருள் வேண்டாம் என்கிறார்கள்.
ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் அலுவலகத்தினர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2024 மார்ச்சில் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

எக்ஸ்இசட் என்று ஒரு சிறு கருவி. கோப்புகளைச் சுருக்குகிற வேலை. அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. அதைப் பல வருடங்களாகப் பராமரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின். தனி ஆள், சம்பளம் கிடையாது. 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். அடுத்த வருடம் வேறு சில பெயர்களிலிருந்து காலினுக்கு நெருக்கடி வந்தது: ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவரிடம் கொடுக்கலாமே என்று. தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்பதையும் காலின் அவர்களுக்கு விளக்கினார். மெல்ல மெல்ல ஜியா டான் கைக்குப் பொறுப்பு போனது. 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1 என்று இரண்டு பதிப்புகள் வந்தன. இரண்டிலும் ஒரு கள்ளக் கதவு இருந்தது. சர்வர்களுக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தன்னிடம் சாவி உள்ளவர் மட்டும் புகுந்துகொள்ளும்படி செய்திருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். டெபியன் என்ற லினக்ஸ் வகையின், இன்னும் நிலைப்படாத ‘சிட்’ பதிப்பில் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் நுழைவுக்கு 0.3 விநாடிக்குப் பதில் 0.8 விநாடி ஆவதைப் பார்த்தார். அரை விநாடி! நீங்களும் நானும் ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. நூல் பிடித்துப்போய் எக்ஸ்இசட்டில் வந்து நின்று, மார்ச் 29 அன்று, புனித வெள்ளி நாளில், உலகத்துக்கே அறிவித்தார். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்புக்கான பீட்டா (முன்னோட்ட) வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது போய்ச் சேரவே இல்லை, உங்களைப் போன்ற சாதாரணப் பயனர்கள் தப்பித்தது அதனால்தான்.

இதில் எனக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் ஃப்ராய்ண்ட் யாரிடமும் அனுமதி கேட்காமல் அடிவரை தோண்ட முடிந்தது. மூடிய மென்பொருளாக இருந்தால் ‘மெதுவாக இருக்கிறது’ என்று கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எல்லாரும் பார்க்கலாம் என்றாலும் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கள்ள நிரலைச் சோதனைக் கோப்புகள் போல வேடமிட்டு வைத்திருந்தார்கள். அதை இயக்கிவிடும் துண்டு, எல்லாரும் பார்க்கிற மூலநிரலில் இல்லாமல், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. உலகத்தின் சர்வர்கள் நம்பியிருந்த ஒரு கருவியைக் களைத்துப்போன ஒரே மனிதர் தாங்கிக்கொண்டிருந்தார், அவருக்கு உதவ வந்தவரே திருடராக இருந்தார். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, காலின் மேல் அல்ல. உங்கள் அலுவலகம் இப்போதே பல கட்டற்ற கருவிகளைத் தெரியாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கும். அதிகாரிகளிடம் கேளுங்கள்: எந்தெந்தக் கருவி, எந்தப் பதிப்பு, அப்டேட் போடுவது யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறதா? இல்லை என்றால், எந்த மென்பொருள் வாங்கினாலும் ஆபத்து அப்படியே இருக்கும்.

கேள்வி: பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறேன், அண்ணா. பைத்தான் கொஞ்சம்தான் தெரியும். என்னால் கட்டற்ற மென்பொருளுக்கு என்ன செய்ய முடியும்?
ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: நிறைய முடியும், தம்பி. மேலே காலின் கதையைப் படித்திருப்பாய். அவருக்குத் தேவைப்பட்டது மேதைகள் இல்லை, நேர்மையான நாலு பேர் கூட நின்றிருந்தால் போதும்.

தமிழ் தெரியும் அல்லவா? லிப்ரேஆஃபிஸின் மெனுக்களும் உதவிப் பக்கங்களும் வெப்லேட் என்ற தளத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன. ஒரு கணக்கு தொடங்கி நாளுக்குப் பத்து வரி பார். மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்ற குரல் திரட்டும் தளத்தில் தமிழ் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்யலாம். மற்றவர்கள் படித்ததைச் சரிபார்க்கலாம். உன் திருநெல்வேலிப் பேச்சின் சாயல் அதில் சேர்வது பேச்சறியும் மென்பொருளுக்கு மிகவும் வேண்டியது. ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை, படத்திலிருக்கும் எழுத்தைப் படிக்கிற டெசராக்ட் என்ற மென்பொருளில் கொடுத்து, ‘ர’வையும் துணைக்காலையும் எங்கே குழப்புகிறது என்று குறித்து வைப்பதும் வேலைதான்.

பிழை அறிக்கை எழுதப் பழகு. நான் முதலில் அனுப்பியது ஒரு பிடிஎஃப் மென்பொருளுக்கு. ‘கொ’ வருகிற சொற்களைத் தேடினால் கிடைக்கவில்லை. ‘தமிழ் வேலை செய்யவில்லை’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். மாதிரிக் கோப்பு இருக்கிறதா என்று பதில் வந்தது. ஒரு பக்கக் கோப்பு, தேடிய சொல், வர வேண்டியது, வந்தது, மென்பொருளின் பதிப்பு எண், இவ்வளவையும் அனுப்பினேன். நான்கு மாதத்தில் சரிசெய்துவிட்டார்கள். அடுத்த பதிப்பில் அந்தச் சொல் தேடலில் மஞ்சளாக மின்னியதைக் கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீ தினமும் திறக்கிற ஒரு மென்பொருளை எடு. தமிழில் எங்கே உடைகிறது என்று இந்த வாரம் பார். அறிக்கையை அனுப்புவதற்கு முன் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு ஒரு பிரதி போடு, சேர்ந்தே சரிபார்த்து அனுப்புவோம்.